பாதிச் சொம்பு

கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் போடுகிறவர்களுக்குப் பென்சில் பிடித்து வரையத் தெரிந்திருக்க வேண்டுமா என்று ஊரில் பல பேர் பல விதமாகப் பேசிக்கொள்ளலாம். டெல்லியில் ஒரே ஒரு அரசு அலுவலகத்தில் மட்டும் அது எழுத்து மூலமாக முடிவு செய்யப்பட்டது. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியவன் நான்தான். யோசித்து எழுதினேனா என்று கேட்காதீர்கள். முப்பது வருட சர்வீஸில் நான் யோசித்து எழுதியது ராஜினாமாக் கடிதம் ஒன்றுதான். அதையும் கொடுக்கவில்லை.

என் பெயர் ஏகாம்பரம், காஞ்சிபுரத்துக்காரன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் அசிஸ்டெண்டாக இருக்கிறேன். குடியிருப்பு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில். என் வாசலுக்கு எதிர்வாசல் குழந்தைசாமி வீடு. ஈரோட்டுப் பக்கத்து மனிதர், வேறொரு இலாகாவில் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்தவர். அவருடைய ஒரே மகள் அம்சவேணி. நான் சொல்ல வந்தது அவள் கதையைத்தான். என்னைப் பற்றி நடுநடுவே வந்தால் அது என் குறை.

அம்சவேணி பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழைத் தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படிப்பது போல ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பாள். ஹிந்தியில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானம் பேசுவாள். அவளுக்கு வராத ஒன்று உண்டென்றால் அது படம். பத்தாம் வகுப்பில் தவளையின் இதயத்தை வரைந்து கொண்டுபோனாள். டீச்சர் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து படங்கள் எல்லாம் அப்பாவின் பொறுப்பு. குழந்தைசாமியோ ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போடாத மனிதர். அம்சவேணியின் நோட்டில் அமீபாவுக்கு நாலு மூலை இருந்தது.

அந்தப் பெண் பி.காம் முடித்துவிட்டு சவுத் எக்ஸ்டென்ஷனில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போனாள். அங்கே என்ன கண்டாளோ தெரியவில்லை. திரையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அதன் மூலைகளைக் கொழுக்கட்டை மாவைப் போலப் பிடித்துப் பிடித்து இழுப்பாள். அரை மணியில் பெட்டி எருமையாகிவிடும். எருமை தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். தொண்ணூற்றொன்பதில் எங்கள் நிறுவனம் பிள்ளைகளுக்கு சிடி போட ஆரம்பித்தபோது அவளைக் காண்ட்ராக்டில் எடுத்தோம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அவள் ஒரு விளையாட்டு செய்தாள். அதில் சொட்டுகிற குழாயை ஒரு பக்கெட் வீடு வீடாகத் துரத்தும். மூன்றாவது கட்டத்துக்கு மேல் என்னால் ஒரு நாளும் போக முடிந்ததில்லை. ஆபீஸ் நேரத்தில் எத்தனை முறை முயன்றேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நாலு வருடம் இப்படி நன்றாகவே போயிற்று. பிறகு குழந்தைசாமிக்கு அறுபது நெருங்கியது. இரண்டாயிரத்து நாலு ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி அவர் ரிடையர் ஆக வேண்டும். குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதி என்றால் என்ன என்று தெரியும். நாலு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தப்பிக்க ஒரே ஒரு வழிதான். கூடவே மூன்று வருடம் குடியிருந்த பிள்ளையோ கல்யாணமாகாத பெண்ணோ அரசு வேலையில் இருந்தால், வீட்டை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும், அதுவும் அப்பா ரிடையர் ஆகும் நாளுக்கு முன்பே. காண்ட்ராக்ட் என்றால் கதவைத் தட்டக்கூட முடியாது. குழந்தைசாமிக்கு ஈரோட்டில் இருந்த பங்கை அண்ணன்மார் எப்போதோ எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர் மனைவி சுந்தரவல்லி கடைசி மூச்சு விட்டது இந்த வீட்டின் முன்னறையில். இதை விட்டால் அவருக்கு உலகத்தில் சாய ஒரு சுவர் கிடையாது.

அந்த நேரம் பார்த்து எங்கள் நிறுவனத்தில் 'கம்ப்யூட்டர் விளையாட்டு ஓவியர்' என்று ஒரு நிரந்தரப் பதவிக்கு அனுமதி வந்தது. அம்சவேணிக்கென்றே தைத்த சட்டை என்று எல்லோரும் நினைத்தோம். பதவிக்கு நியமன விதிகள் எழுத வேண்டும். எங்கள் ஜாயிண்ட் டைரக்டர் பட்நாகர் சாகேப் என்னைக் கூப்பிட்டு, பழையது எதையாவது பார்த்து ஜல்தி போடு என்றார். இந்தப் பதவி பூமியில் இதற்கு முன் இருந்ததில்லை, பழையதுக்கு எங்கே போவேன்? ரெக்கார்ட் ரூமில் தூசி தட்டித் தேடி அறுபத்துநாலாம் வருடத்து 'ஓவியர்' பதவியின் விதிகளைக் கண்டுபிடித்தேன். 'ஓவியர்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'கம்ப்யூட்டர் விளையாட்டு ஓவியர்' என்று மாற்றினேன். மீதியில் கை வைக்கவில்லை. கை வைத்தால் ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள். வைக்காவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதுதான் நான் கற்ற கல்வி.

டிசம்பர் மாதம் தேர்வுக்கான கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மஃப்ளரைக்கூடச் சுற்றாமல் குழந்தைசாமி என் வீட்டுக்கு வந்தார். தேர்வுக் குழுவின் முன்னால் பென்சிலால் மூன்று படம் வரைய வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு பாத்திரம், ஒரு மனிதக் கை, உயிருள்ள ஒரு மிருகம். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏனுங்க ஏகாம்பரம், எந்தக் கூமுட்டைங்க இதை எழுதுனது?" என்றார் குழந்தைசாமி.

மேலிடத்தில் என்றேன். அம்சவேணி அப்பாவுக்குப் பின்னாலேயே வந்திருந்தாள். கடிதத்தோடு இணைத்திருந்த விதிகளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மூலையில் இருந்த என் இனிஷியலின் மேல் விரலை வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

விதிகளை மாற்ற நேரம் இல்லை. மாற்றினால் தேர்வு ஏப்ரலுக்குப் போகும், அதற்குள் குழந்தைசாமி ரிடையர் ஆகிவிடுவார், வீட்டைக் கேட்கும் வழி அடைந்துவிடும். ஆகவே அம்சவேணி ஒரு மாதத்தில் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. குழந்தைசாமி பூஜை அலமாரியில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து மேஜையில் வைத்தார். அவள் வரைந்தாள். பத்து நாள் கழித்தும் அது சொம்பாகவில்லை. விழுந்து எழுந்த சொம்பாகக்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். கோடு கோணலாகப் போகும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய இடது கை இரண்டு விரலால் மேஜையைத் தட்டும். கம்ப்யூட்டரில் அப்படித் தட்டினால் போட்ட கோடு அழிந்து பழையபடி ஆகிவிடுமாம். மேஜையில் தட்டினால் என்ன ஆகும்? டீ தளும்பும்.

"காகிதம் ரொம்பப் பிடிவாதம் அங்கிள். போட்டா போட்டதுதாங்கறது" என்றாள்.

இதற்கிடையில் எனக்கு வேறொரு தலைவலி. மிருகத்தை அலுவலகமே தர வேண்டும் என்று விதியில் இருந்தது. பசுவுக்கு மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்க வேண்டும், ஆட்டுக்குத் தீவனத்துக்குத் தனி அனுமதி. தேதியோ நெருங்குகிறது. அப்போதுதான் சுல்தான் ஞாபகம் வந்தது. எங்கள் கட்டடத்தில் குரங்குகள் கோப்புகளைக் கிழித்து நாசம் செய்கின்றன என்று, அவற்றை விரட்ட லங்கூர் என்கிற பெரிய மந்தி ஒன்றையும் அதைப் பிடித்துக்கொண்டு வரும் ஆளையும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தோம். கறுத்த முகமும் என்னைவிட நீளமான வாலுமாக, வாலே இல்லாத என்னை ஒரு பொருட்டாக மதிக்காத லங்கூர் அது. 'மிருகம் ஒன்று ஏற்கெனவே அலுவலகப் பணியில் இருப்பதால் புதிதாக வாங்கத் தேவையில்லை' என்று குறிப்பு எழுதினேன். பட்நாகர் சாகேப் படித்துவிட்டு, அச்சா, நல்ல சிக்கனம் என்று கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி தேர்வு. வெளியே பனிமூட்டம், எதிரே வருகிற ஆள் இருமினால்தான் ஆள் இருப்பது தெரியும். குழுவுக்குத் தலைவர் பட்நாகர் சாகேப். ஓவிய நிபுணராகச் சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து கோஷ் பாபு என்று ஒரு ரிடையரான ஓவிய ஆசிரியர் வந்திருந்தார். குறிப்பு எழுதிக்கொள்ள நான். வேலைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அம்சவேணி. இன்னொருவர் நந்தலால் என்கிற பெயிண்டர். லாரிகளின் முதுகில் மயிலும் தாமரையும் போடுகிறவர், மெட்ரிக் பாஸ். விதிப்படி எல்லாத் தகுதியும் உள்ளவர். உள்ளே போகுமுன் என்னிடம் வந்து, பதவியின் பெயரில் முதல் வார்த்தை என்ன பாய் சாகேப் என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். பரவாயில்லை, அதையும் போட்டுவிடலாம் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் விதிகளின்படி நந்தலால்தான் ஜெயிப்பார். அம்சவேணிக்கு வேலையும் போகும், குழந்தைசாமிக்கு வீடும் போகும். எல்லாம் சட்டப்படி, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

முதலில் பாத்திரம். நந்தலால் நாலு நிமிடத்தில் ஒரு குடத்தை வரைந்தார், அதில் பளபளப்புகூட இருந்தது. அம்சவேணி இருபது நிமிடம் தலை நிமிராமல் வரைந்து பாதிச் சொம்பைக் கொடுத்தாள். கழுத்திலிருந்து அடிவரை வலப்பக்க ஓரம் மட்டும் அழகாக இருந்தது. இடப்பக்கம் வெறும் காகிதம். மீதி எங்கே என்று பட்நாகர் சாகேப் கேட்டார். சுற்றினால் வந்துவிடும் சார் என்றாள். கம்ப்யூட்டரில் சொம்பைப் பாதி ஓரம் மட்டும் போட்டுச் சுழற்றினால் முழுசாகிவிடும் என்று விளக்கினாள். சாகேப் காகிதத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பாதிச் சொம்புக்குப் பாதி மதிப்பெண் என்று நான் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது மனிதக் கை. கைக்கு ஆள் கிடைக்காமல் என் கையையே மேஜையில் வைக்கச் சொன்னார்கள். நந்தலால் போட்டதில் என் மோதிரத்தின் கல்கூட ஜொலித்தது. எங்கள் அம்சவேணி போட்டது வெண்டைக்காய்க் கட்டு. எனக்குக் கோபம் வந்தது. அதற்குக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்து அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது சுல்தான். லங்கூர்க்காரர் அதைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்தார். சுல்தான் டீத் தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தது, கோஷ் பாபுவின் தலையைப் பார்த்தது, எதை முதலில் எடுப்பது என்று யோசித்தது. நந்தலால் கீழே குனிந்து ஐந்து நிமிடத்தில் ஒரு அற்புதமான குரங்கைப் போட்டு முடித்து, தன் வழக்கப்படி ஓரத்தில் இரண்டு தாமரையும் வைத்தார். அம்சவேணி வரையவே ஆரம்பிக்கவில்லை. எழுந்து சுல்தானை மெதுவாக மூன்று தடவை சுற்றி வந்தாள். முன்னால், பக்கத்தில், பின்னால். பிறகு லங்கூர்க்காரரிடம் ஹிந்தியில் கேட்டாள், இது இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்குமா என்று. விளையாட்டுக்குச் செய்கிற பொம்மை எல்லாமே முதலில் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். வேறு மாதிரி அவளுக்குப் பார்க்கவே தெரியாது.

லங்கூர்க்காரர் சிரித்தார். தினமும் காலையில் எங்கள் வாசலில் காவலர்கள் எல்லோரையும் கையை விரிக்கச் சொல்லி உடம்பைத் தடவிச் சோதனை போடுவார்கள். அவருக்குச் சோதனை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து சுல்தானும் கற்றுக்கொண்டிருந்தது. "செக்கிங்" என்று ஒரு வார்த்தை சொன்னார். சுல்தான் ஸ்டூலின் மேல் எழுந்து, இரண்டு கையையும் நீட்டி விரித்துக்கொண்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றது. மூத்த அரசு ஊழியர் எவரிடமும் அந்த ஒழுங்கை நான் கண்டதில்லை. பட்நாகர் சாகேபின் கை தன்னையறியாமல் கோட்டுப் பையை விட்டு வெளியே வந்தது.

அம்சவேணி காகிதத்தை நடுவில் மடித்தாள். ஒரு பாதியில் பாதி லங்கூரைப் போட்டாள், அழுத்தமான பென்சிலால். ஒரு கண், ஒரு காது, ஒரு கை, ஒரு கால். பிறகு காகிதத்தை மடித்து, டீத் தட்டில் இருந்த ஸ்பூனை எடுத்து முதுகுப் பக்கம் தேய்த்தாள். பிரித்தபோது முழு லங்கூர் நின்றது. மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் சுல்தான்தான், வேறு எந்தக் குரங்கும் இல்லை.

கோஷ் பாபு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இது ஓவியமா தந்திரமா என்று கேட்டார். மடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று சாகேப் என்னைப் பார்த்தார். இல்லை சார், தடை செய்யப்படவில்லை என்றேன். அறுபத்துநாலில் எவரும் மடித்துப் பார்த்திருக்கவில்லை. கோஷ் பாபு திரும்பவும் படத்தைப் பார்த்துவிட்டு, இதன் இரண்டு காதும் கிழிந்திருக்கிறதே என்றார். நாங்கள் எல்லோரும் சுல்தானைப் பார்த்தோம். அதன் இடது காதில் மட்டும் ஒரு பழைய கிழிசல் இருந்தது. அது தினமும் என் ஜன்னலைக் கடந்து போகும், நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. அம்சவேணி, அதை எப்போதும் கடைசியில்தான் சரிசெய்வோம் சார் என்று சொல்லி, ரப்பரால் ஒரு காதின் கிழிசலைத் துடைத்துக் காதை முழுசாக்கினாள்.

கோஷ் பாபு நந்தலாலின் குரங்கை எடுத்தார். அதற்கு இரண்டு காதும் குறையில்லாமல் இருந்தன. விதியை ஒருமுறை படியுங்கள் என்றார் என்னிடம். படித்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதன் பொருள் புரிந்து படித்தேன். 'உயிருள்ள மிருகத்தைப் பார்த்து வரைய வேண்டும். பாராமல் வரைபவர் தகுதி இழப்பார்.' பார்த்தா வரைந்தீர்கள் என்று நந்தலாலைக் கேட்டார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். இருபது வருடமாகக் குரங்கு போடுகிறேன், அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு, ஒரு லாரி பாதியில் நிற்கிறது என்று சொல்லி எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

குடியரசு தின ஒத்திகை, பாதை அடைப்பு, அரை நாள் லீவு என்று நடுவில் ஐந்து நாள் போனது. தேர்வில் மிஞ்சிய அம்சவேணியின் நியமனக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் அறை அறையாக அலைந்தேன். ஜனவரி முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்குத் தியாகிகளுக்காக இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். அது முடிந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாக அம்சவேணி வேலையில் சேர்ந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அதே நேரம் குழந்தைசாமிக்கு அவர் அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள், லீவு நாளான சனிக்கிழமை, அவர் ரிடையர் ஆனார். வீடு மகள் பெயருக்கு மாறியது. என் வாசலில் நின்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். திங்கட்கிழமை அவளுடைய பணிப் பட்டியலை பட்நாகர் சாகேப் எடுத்துப் பார்த்தார். அதுவும் நான் அறுபத்துநாலிலிருந்து காப்பி எடுத்ததுதான். ஐந்தாவது வரி: 'ஓவியர் இயந்திரங்கள் எதையும் இயக்கலாகாது.' அந்தக் காலத்தில் சைக்ளோஸ்டைல் மெஷினில் கை வைக்கக் கூடாது என்பதற்காக எழுதியது. கம்ப்யூட்டர் இயந்திரமா இல்லையா என்று சாகேப் கேட்டார். இல்லை என்று எப்படி எழுதுவேன்? அவளுடைய கம்ப்யூட்டரை எடுத்து டெஸ்பாட்ச் கிளார்க் மேஜையில் வைத்தார்கள். அவர் அதில் நாள் முழுக்கச் சீட்டு விளையாடினார். ஆக எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு நின்றுபோனது என்று எவரும் சொல்ல முடியாது.

அம்சவேணிக்கு ஒரு கட்டு பென்சில் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு சார்ட்டுக்குப் பானை, குடம், ஜக் வரைந்தாள். பக்கெட் அதற்கப்புறம் குழாயைத் துரத்தவில்லை. வேலையை விட்டால் வீடு போகும், அதனால் விடவில்லை. அவள் டீ குடிக்கும்போது டெஸ்பாட்ச் மேஜைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படும் பாட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த காரியங்களில் இதுதான் பாவம் என்று தோன்றியது. அந்த ஐந்தாவது வரியை நீக்கக் கேட்டுக் கோப்பு எழுதினேன். முதல் தடவையாக எவரும் சொல்லாமல் நானாக எழுதிய கோப்பு. எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இதற்கு முன் இப்படி நீக்கியது உண்டா, முன்னுதாரணம் இணைக்கவும் என்று கேட்டிருந்தார்கள். நான் முப்பது வருடமாக மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. திரும்பவும் அனுப்பினேன், இன்னும் வரவில்லை.

இரண்டு வருடத்தில் அவளுடைய கை திருந்திவிட்டது. இப்போது ஒரே இழுப்பில் முழுச் சொம்பு போடுவாள். மேஜையைத் தட்டுவதும் போய்விட்டது. அது போனதைக் கவனித்த அன்று எனக்கு என்னவோ போல் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தைசாமி என்னைக் கூப்பிட்டார். சுந்தரவல்லியம்மாள் படுத்திருந்த முன்னறையில் நேரு பிளேஸில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிறு தோறும் அதில் அவள் ஒரு விளையாட்டு செய்கிறாளாம். பக்கத்தில் ஒரு கத்தைக் காகிதத்தில் சுல்தான் விதவிதமாக, எல்லாம் பென்சிலில், எல்லாவற்றிலும் இடது காது கிழிந்து. திரையில் சுல்தான் ஒரு அலுவலகத்துக்குள் ஓடிக் காணாமல் போன கோப்புகளைத் தேடியது. ஒவ்வொரு வாசலிலும் கையை விரித்து நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசி வாசலில் மேஜைக்குப் பின்னால் வழியை மறித்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். என் கண்ணாடி, என் மஃப்ளர், என் மோதிரம். ஆனால் வலப்பக்கம் மட்டும்தான் இருந்தது. ஒரு கண், ஒரு கை, பாதி மீசை. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை, பின்னாலிருந்த பீரோ தெரிந்தது.

"என் மீதி எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"கோப்பு திரும்பி வரட்டும் அங்கிள்" என்றாள் அம்சவேணி. "வந்ததும் போட்டுடறேன்."